தெற்கு வரிசைக்கு வைத்த செவ்வந்தி

ஜூன் 29, ஞாயிறு

இன்று பூசை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: பங்குச் சாமியார். மணியடிப்பதிலிருந்து குழி வெட்டுவது வரைக்கும் பார்க்கிற கோயில்பிள்ளை தொம்மை. பங்குப் பேரவை ஆட்கள் பாஸ்டின், சந்தியாகு, அற்புதம். என் மகன் இன்னாசி. அவன் பெண்டாட்டி பிலோமி. எதிர்வீட்டு சலேத்து, கோயில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. பிறகு நான், சவரியம்மாள்.

பேர்களை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு மறதி வந்துவிட்டதாம், மருமகள் சொல்கிறாள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் யார் இருந்தார்கள், யார் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள் என்பதில் கோணல் இருக்காது.

கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்றார் சாமியார். நவம்பர் இரண்டாம் தேதி வருகிற கல்லறைத் திருநாள் முடிந்ததும், தெற்கு வரிசையில் உள்ள பழைய மண் கல்லறைகளை, ஊரில் சாவு விழ விழத் திறந்து, புது ஆட்களை வைக்கப் போகிறார்களாம். இனி சிமெண்டு கட்டுவதற்கும் அனுமதி இல்லையாம்.

தெற்கு வரிசையில், சுவரிலிருந்து நாலாவது, என் மகள் ஜெசிந்தா.

"அப்பவே கட்டியிருக்கணும்ல பெரியம்மா. எல்லாரும் கட்டுனாங்க" என்றான் பாஸ்டின்.

"சிமெண்டுல செடி முளைக்குமாடா?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். இன்னாசி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதிலிருந்தே, அடி விழும்போதெல்லாம் செருப்பைப் பார்க்கிறவன்.

அங்கே ஒருத்தர்கூட எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். இதுதான் கடைசித் திருநாள் என்றால், இந்த வருஷம் அவள் கல்லறையில் ஒரு விரல் மண் தெரியக் கூடாது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரைக்கும் செவ்வந்தி. கடைச் செவ்வந்தி இல்லை. அவளுடைய செவ்வந்தி.

அவள் போவதற்கு முந்தின வருஷம் மதுரையிலிருந்து கறுப்புப் பாக்கெட்டில் ஒரு கன்று கொண்டுவந்தாள். அங்கன்வாடி டீச்சர்களுக்குக் கூட்டம் என்று போனவள், கையில் செடியோடு வந்தாள். மஞ்சளிலும் சேராது, வெள்ளையிலும் சேராது. சந்தனம் அரைத்த மாதிரி ஒரு நிறம். அந்த ஒரு செடியின் பக்கக் கன்றுகளைப் பிரித்துப் பிரித்துப் பதினாறு வருஷமாக வளர்க்கிறேன். செடி கிழடாகிவிடும். கன்று கிழடாகாது.

இன்று வாசல் பக்கத்துப் பாத்தியைக் கொத்தினேன். ஆறின சாணி எரு, செம்மண், கொஞ்சம் ஆற்று மணல். கன்றுகளை வேரோடு கிள்ளிப் பிரித்து வைத்தேன். பிலோமி தண்ணீர் ஊற்ற வந்தாள். தொடாதே என்றேன். அவள் நிலக்கோட்டைப் பக்கம் பூக்காரக் குடும்பத்துப் பெண். பூ என்றால் சந்தைக்கு மூட்டை கட்டுவது என்று மட்டும் தெரிந்தவர்கள். கல்யாணத்தன்று அவள் அண்ணன் எங்கள் வீட்டுக் காபியைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனான். ஆடை படிந்து கிடந்த அந்தத் தம்ளர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 9, புதன்

தெருவிளக்கு போட்டார்கள். போன மாதம் குழாயடியில் இருட்டில் வழுக்கி விழுந்தேன் அல்லவா. இன்னாசி பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்து, எங்கள் வாசல் கம்பத்திலேயே வாங்கிவிட்டான். வெள்ளை விளக்கு. பாத்தியில் கிடக்கிற எறும்பைக்கூட எண்ணலாம். அவன் பிறந்ததிலிருந்து எனக்காகச் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான்.

பிலோமி வாசலில் நின்று விளக்கையும் பார்த்தாள், பாத்தியையும் பார்த்தாள்.

"அத்தே, ஒண்ணு சொல்லட்டா? இந்த லைட்டு வெளிச்சத்துல..."

"லைட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. ஒம் புருஷன் எனக்குப் பண்ணுன ஒரே நல்லதுலயும் நொட்டை சொல்ல வந்துட்டியா?"

உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 27, ஞாயிறு

நுனி கிள்ளினேன். கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடிக்கும், கிளைக்கு ஒரு கொத்தாகப் பூ வரும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி. சலேத்து போகிறதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புதுப் புடவை.

ஜெசிந்தாவும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். ஜெசிந்தாவை அடக்கம் செய்து ஏழாம் நாள், சலேத்து வீட்டுக் கொல்லையில் அதே சந்தன நிறச் செவ்வந்தியைப் பார்த்தேன். எழவு வீடு என்றுகூடப் பார்க்காமல் என் பாத்தியில் கன்று பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். கேட்டேன். தெருவே கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் ஒரு பதிலும் சொல்லவில்லை. திருடி என்ன பதில் சொல்வாள்? அன்றிலிருந்து அவளிடம் பேச்சு கிடையாது.

செடிகள் நல்ல கருப்பச்சை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இந்த மாதிரிச் செழிப்பை நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

அசுவினிப் பூச்சி விழுந்திருக்கிறது. சாம்பல் தூவினேன். வேப்பெண்ணெய்யைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்கள் எல்லாரும் திரும்பி வருகிறார்கள். காவிச் சேலைகள் தெருவெல்லாம்.

ஜெசிந்தாவும் ஒரு வருஷம் நடந்தாள். அவள் போன வருஷத்துக்கு முந்தின வருஷம். என்னடி வேண்டுதல் என்று கேட்டேன். "சும்மாதாம்மா" என்றாள். கல்யாணத்துக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின தைமாதம்தான் ஒரு இடம் வந்து, பையனுடைய அத்தை எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு தூக்கல் என்று சொல்லி, நான் வாசலைக் காட்டி அனுப்பியிருந்தேன். ஜெசிந்தா அந்தப் பையனை இரண்டு தடவை பேருந்தில் பார்த்துப் பேசியிருந்தாளாம். அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இன்றைக்கு உப்பைக் குறை சொல்கிறவர்கள் நாளைக்கு எதைச் சொல்ல மாட்டார்கள்.

இருபது நாள்தான் படுத்தாள். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அவ்வளவு சீக்கிரம். யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

செப்டம்பர் 25, வியாழன்

மொட்டு இல்லை. மற்ற வருஷங்களில் இந்நேரம் நுனியில் மிளகளவு தெரியும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இல்லை.

அக்டோபர் 4, சனி

எருக்காரன் கணேசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். என்ன எரு கொடுத்தாய், கலப்படமா என்று. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பாட்டி, செடி யானைக்குட்டி கணக்கா இருக்கு. இதுக்கு மேல எருவுல என்ன இருக்கு?"

அவன் போன பிறகு, எதிர்வீட்டுக்காரியின் கண்ணாக இருக்கும் என்று தோன்றியது. மிளகாய் சுற்றிப் போட்டேன். நெடி வரவில்லை. நெடி வரவில்லை என்றால் கண் பட்டதுதான். சலேத்து கொல்லையில் எட்டிப் பார்த்தேன். அவள் செவ்வந்தி மொட்டு விட்டிருக்கிறது. அவள் கொல்லை வீட்டுக்குப் பின்பக்கம், நல்ல இருட்டு. களையெடுப்பது கிடையாது, நுனி கிள்ளுவது கிடையாது, பாத்திரம் கழுவுகிற தண்ணீர்தான். அதற்கு மொட்டு! ஆண்டவருடைய நீதியை எங்கே போய்ச் சொல்வது.

அக்டோபர் 12, ஞாயிறு

சமையலறைப் பேச்சு என் காதுக்கு வந்துவிட்டது. எனக்குக் கால்தான் பழுது, காது இல்லை.

"எத்தன நாளுக்கு இப்படியே பாத்துக்கிட்டிருக்கிறது? நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள் பிலோமி.

"நீ சொல்லேன். பூவெல்லாம் ஒங்க ஊரு சமாச்சாரம்" என்றான் இன்னாசி.

"சொல்ல வந்தன்னிக்கே வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுபடியுமா?"

நான் உள்ளே போய் நின்றேன். என்ன சொல்லணும் என்று கேட்டேன். இன்னாசி செருப்பைத் தேடினான். வீட்டுக்குள் செருப்பு இல்லை.

பிலோமிதான் சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"செவ்வந்திக்கு ராத்திரி இருட்டு வேணும் அத்தே. இருட்டு நீளமாகிப் பனி இறங்குனாத்தான் மொட்டு வைக்கும். எங்க ஊருல வெளக்குக் கம்பத்துக்கிட்ட யாரும் செவ்வந்தி போட மாட்டாங்க. போட்டா எல மட்டும்தான் வரும்."

"தெரிஞ்சுக்கிட்டே இருந்தியா? மூணு மாசமா?"

"சொல்ல வந்தேன்."

"வந்தா போதுமா? சொல்லணும்டி! கத்திச் சொல்லணும்! சொல்லியிருந்தா பாத்தியவே கொல்லப்பக்கம் மாத்தியிருப்பேன். சாக்கு போட்டு மூடியிருப்பேன். நாசமாப் போறதப் பாத்துக்கிட்டு நின்னிருக்க!"

அவள் கரண்டியைப் போட்டாள். என் வீட்டில் அவள் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

"ஒங்ககிட்ட யாரால சொல்ல முடியும் அத்தே? யாராச்சும் எதையாச்சும் சொல்லிட்டு இந்த வீட்டுல நிம்மதியா இருந்திருக்காங்களா? ஜெசிந்தா அண்ணியே சொல்லல..."

நிறுத்திவிட்டாள்.

"ஜெசிந்தா என்ன சொல்லல?"

"ஒண்ணுமில்ல."

"இன்னாசி. இவ என்ன சொல்றா?"

"ஏதோ கோவத்துல ஒளர்றாம்மா. விடு" என்றான். முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

விட்டேன். ஆனால் எழுதி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

விளக்கைக் கழற்றச் சொல்லி இன்னாசியை அனுப்பினேன். போடுவதற்கே ஒரு மாதம் நடந்தீர்கள், கழற்றுவதற்கு ஆறு மாதம் ஆகும் என்றானாம் பஞ்சாயத்து கிளார்க். கல்லை எடுத்து எறிந்தேன். விளக்கில் படவில்லை. தெருநாய் மேல் பட்டது.

பொழுது சாய்ந்ததும் பாத்தியைச் சுற்றிக் குச்சி நட்டு, அதன்மேல் சிமெண்டுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதாவைப் போட்டு மூடுகிறேன். விடிந்ததும் எடுக்க வேண்டும். குனிந்து நிமிர்வதற்குள் உயிர் போகிறது.

"இனிமே மூடுனா மார்கழியிலதான் அத்தே பூக்கும்" என்றாள் பிலோமி. இப்போது மட்டும் வாய் நன்றாகத் திறக்கிறது.

அக்டோபர் 22, புதன்

ஜெசிந்தா என்ன சொல்லவில்லை? இன்னாசியிடம் தனியாகக் கேட்டேன். வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டும் என்று போய்விட்டான். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நல்ல மழை. படுதா ஈரம் தாங்காமல் சரிந்து, இரண்டு செடி ஒடிந்தது.

நவம்பர் 1, சனி

மொட்டு இல்லை. நாளை திருநாள்.

பிலோமி நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து ஒரு கூடைச் செவ்வந்தி வரவழைத்திருக்கிறாள். அவள் அண்ணன் கொடுத்தனுப்பினானாம். மஞ்சள் பூ. காசுகூட வாங்கவில்லையாம். காபியைத் தொடாதவன் பூ அனுப்புகிறான். கூடையைத் தாண்டிப் போனேன், தொடவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

விடிகிறதற்கு முன் தனியாகக் கல்லறைக்குப் போனேன். வெறுங்கையோடு. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மண்ணையாவது மெழுகிவிட்டு வரலாம் என்று.

மண் தெரியவில்லை.

தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரைக்கும் செவ்வந்தி. சந்தன நிறம். அவளுடைய நிறம். என் பாத்திதான் இரவோடு இரவாகப் பூத்துவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்குப் புத்தி போய்விட்டது. பிறகு புரிந்தது. இந்த ஊரில் இந்தப் பூ இருக்கிறது இரண்டே வீட்டில்.

ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட ஆரம்பித்தேன். திருட்டுப் பூவை என் மகள் மேல் விட்டுவைக்க மாட்டேன். பாதி எடுத்திருப்பேன், பின்னால் குரல் கேட்டது.

"எடுக்காதீங்க பெரியம்மா."

சலேத்து. மெழுகுவத்திப் பொட்டலத்தோடு நின்றாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அவள் குரலைப் பக்கத்தில் கேட்கிறேன். கிழவிக் குரலாகிவிட்டது அவளுக்கும்.

"எங்கிட்டத் திருடுனதை எம்மகளுக்கே போடுறியா?"

"நாந் திருடல."

"பின்ன எப்படி வந்துச்சு? பறந்து வந்துச்சா?"

அவள் பொட்டலத்தைத் தரையில் வைத்தாள். பிறகு கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள்.

"நானும் ஜெசிந்தாவும்தான் அன்னிக்கு மதுரைக்குப் போனோம். கூட்டமெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரிக்கு. மாருல கட்டி. முத்திருச்சு, ஒடனே அறுக்கணும்னு சொன்னாங்க. வெளிய வந்தோம். வாசல்ல ஒருத்தன் செடி வித்துக்கிட்டிருந்தான். ஆளுக்கு ஒண்ணு வாங்குனோம். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டே வந்தா. அழுகல. 'எங்கம்மாவுக்கு இந்த நெறம் பிடிக்கும்டி'ன்னா."

"எப்ப?"

"அதுக்குப் பொறவு ஒரு வருசம் இருந்தா பெரியம்மா."

"அறுக்கலையா?"

"அறுத்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்ல. மொதல்ல வேளாங்கண்ணிக்கு நடந்தா. அப்புறம் நாட்டு மருந்து. அப்புறம் ஒண்ணுமில்ல."

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியும். இன்னாசிக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த பிலோமிக்கு இன்னாசி சொல்லியிருக்கிறான். கான்வென்ட் மதருக்குத் தெரியும். அப்போதிருந்த சாமியாருக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று என்னிடம் சொல்லச் சொன்னதே ஜெசிந்தாதானாம்.

"ஏன்? எனக்கு ஏன் சொல்லல?"

சலேத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. அவ சொன்னதத்தான் சொல்றேன். 'சொன்னா அம்மா என்னயப் பாக்க மாட்டா, யாராலன்னு தேடுவா. அந்தப் பையன் வீட்ட இழுப்பா, அங்கன்வாடிய இழுப்பா, ஒன்னைய இழுப்பா. ஒவ்வொருத்தரையா வாசல்ல நின்னு திட்டுவா. அதக் கேட்டுக்கிட்டுச் சாகத் தெம்பில்ல'ன்னா."

நான் எழுந்து வந்துவிட்டேன். மடியில் இருந்த பூவைத் திரும்ப வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவற்றை என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை.

நவம்பர் 5, புதன்

நான் யாரையும் வாசலில் நின்று திட்டினதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்பேன். நடந்ததை மறக்க மாட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பேர் திட்டா?

நவம்பர் 7, வெள்ளி

ஒன்று ஞாபகம் வருகிறது. மதுரையிலிருந்து செடியோடு வந்த அன்று மாலை, ஜெசிந்தா எனக்குத் தலை சீவிவிட்டாள். அவளாக வந்து உட்கார்ந்தாள். சீப்பை வைத்துவிட்டு, "அம்மா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அன்றைக்கு எனக்குக் குழாயடியில் அற்புதத்தின் பெண்டாட்டியோடு சண்டை. என் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டாள். அதை நான் ஜெசிந்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் இதைக் கேள் என்று சொன்னேன். முழுசாகக் கேட்டாள். முடித்ததும், நீ என்னமோ சொல்ல வந்தாயே என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பது எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

"ஒண்ணுமில்லம்மா. செடிய எங்க வைக்கட்டும்?" என்றாள்.

நான் கேட்டேன். அவள்தான் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

படுதா போடுவதை நிறுத்திவிட்டேன். யாருக்காக?

ஆனாலும் பொழுது சாய்ந்ததும் வாசலில் சாக்கு சரசரக்கிறது. விடிந்ததும் மறுபடி சரசரக்கிறது. நான் படுக்கையிலிருந்து எழவில்லை. யார் என்று கேட்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

இன்னாசி என்னைக் கண் டாக்டரிடம் காட்ட வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போனான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான். போகிற வழியில் டிபன் வாங்கித் தந்தான். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் எல்லாம் மங்கல். திரும்பும்போது கடைவீதியில் எனக்கு ஒரு சேலைகூட எடுத்தான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நவம்பர் 21, வெள்ளி

ஊர்க்கோடியில் இருக்கிற பவுலின் அக்கா செத்துவிட்டாளாம். புதன்கிழமை இரவு. நேற்று அடக்கம். எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது, அதுவும் பால்காரன் சொல்லி.

எங்கே அடக்கம் என்று அவனிடம் கேட்டேன். அவன் பாலை அளந்துகொண்டே, "தெற்கு வரிசையில பாட்டி. செவுத்துலேர்ந்து நாலாவது" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் சொன்னான்.

தொம்மையைப் பிடித்துவர ஆள் அனுப்பினேன். வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மரியாதையாத்தான் எடுத்தேன் அக்கா. புது வெள்ளத் துணியில கட்டி அந்தக் குழியிலயே கால்மாட்டுல வச்சுட்டேன். வெளிய எங்கயும் கொண்டுபோகல. சாமியார் மந்திரிச்சாரு. இன்னாசித் தம்பியே வந்து..."

"இன்னாசி எங்கூட இருந்தான்."

"காலையில வெள்ளன வந்துட்டுத்தான் ஒங்களக் கூட்டிட்டுப் போனாப்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல தொம்மை?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எப்படி அக்கா சொல்றது" என்றான்.

பவுலின் அக்கா எனக்கு ஒரு கெடுதியும் செய்ததில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரு பார்வை, ஒன்றும் இல்லை. பஞ்ச காலத்தில் ஒரு படி கேழ்வரகு கொடுத்தவள். அவள்மேல் கோபப்பட ஒரு வழியும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. சாமியார் ஊதா அங்கியில் வந்தார். இன்னாசி எடுத்துத் தந்த சேலையை நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அலமாரியில் கிடக்கிறது.

டிசம்பர் 6, சனி

மொட்டு.

டிசம்பர் 17, புதன்

பூத்துவிட்டது. ஒரு கிளை பாக்கியில்லை. பாத்தி முழுக்கச் சந்தனம். இந்தத் தெருவில் இவ்வளவு பூவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். போகிறவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், என் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். நல்லா பூத்திருக்கு என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

"நாளைக்குப் பவுலின் பாட்டிக்கு முப்பதாம் நாள்" என்றாள் பிலோமி. "பறிக்கட்டுமா அத்தே?"

"நீதான மூடுன. நீ பறிச்சுக்க."

அவள் நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். நான் காத்திருந்தேன். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஆண்டவர் சாட்சி. அவள் ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள்.

வெட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் உள்ளே வந்தபோது மடியெல்லாம் பூ, முகமெல்லாம் கண்ணீர். எனக்கு வரவில்லை.

டிசம்பர் 20, சனி

கிறிஸ்துமசுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கினால்தான் நற்கருணை. நற்கருணை வாங்காமல் நான் ஒரு கிறிஸ்துமசும் கழித்ததில்லை. சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் பாஸ்டின், அற்புதத்தின் பெண்டாட்டி, பிறகு சலேத்து. எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள். முழங்கால் போட முடியவில்லை. சாமியார் ஸ்டூல் போடச் சொன்னார்.

"மனசுல யார் மேலயாவது பகை இருக்கா அம்மா? பிறக்கப்போற பாலன்கிட்ட அதையெல்லாம் எறக்கி வச்சிருங்க" என்றார்.

வைத்தேன். ஒவ்வொருவராகச் சொன்னேன். காபி குடிக்காத சம்பந்தி மகனை விட்டுவிட்டேன் சாமி, பூ அனுப்பினான். பிலோமியை விட்டுவிட்டேன், ஒரு தடவையாவது வாயைத் திறந்தாள். இன்னாசியை விட்டுவிட்டேன், அவனை நான்தான் பெற்றேன், அவன் வேறே மாதிரி இருக்க மாட்டான். சலேத்தை விட்டுவிட்டேன், அவள் பதினைந்து வருஷம் திருடிப் பட்டம் சுமந்தாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். குழி வெட்டின தொம்மையை. உப்பு தூக்கல் என்று சொன்ன பொம்பளையை. என் குடத்தை நகர்த்தினவளை. மரத்தடியில் என்னைப் பார்த்துச் சிரித்த உங்களையும் விட்டுவிட்டேன் சாமி என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் லேசாக இருமினார்.

"ரொம்ப சந்தோசம் அம்மா. இன்னும் யாராவது?"

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"ஒருத்தரையும் பாக்கி வைக்காம மன்னிச்சாத்தான் அம்மா நான் பாவமன்னிப்புச் சொல்ல முடியும்."

"ஒரு ஆள் பாக்கி இருக்கு சாமி."

"அவங்களும் எங்கேயோ கஷ்டப்பட்டுக்கிட்டுத்தான இருப்பாங்க. விட்டுருங்க."

"முடியாது சாமி."

"அப்படி என்ன செஞ்சாங்க ஒங்களுக்கு?"

என் தலையைச் சீவிவிட்டாள் சாமி. ஒரு வருஷம் என் பக்கத்தில் படுத்தாள், என் கையால் சோறு வாங்கித் தின்றாள், எங்கேடி வலிக்கிறது என்றால் வயிற்றில் என்றாள். ஊருக்கெல்லாம் தெரியும், அவளைப் பெற்றவளுக்குத் தெரியாது. எல்லாரும் சேர்ந்து அவளைச் சாகக் கொடுத்தார்கள், நான் ஒருத்தி மட்டும் அவள் குணமாகி வருவாள் என்று கடைசி நாள் காலையில் அரிசி ஊறப்போட்டேன்.

இதில் ஒன்றையும் அவரிடம் சொல்லவில்லை. ஸ்டூலைப் பிடித்து எழுந்தேன். மன்னிப்பு வாங்காமல் வெளியே வந்தேன். சலேத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டினாள், படி இறங்குவதற்கு. பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

இந்த வருஷம் நற்கருணை இல்லை. இனி எந்த வருஷமும் இருக்காது. சாமியாரிடம் சொல்லாத பேரை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெசிந்தா.